மூச்சை எண்ணு

கல்முனைக்குடி
20.02.2025

அன்பு மருமகன்,

பெருநாள் முடிந்து ஏப்ரலில் திருகோணமலைக்குப் போய்த் திமிங்கிலம் படமெடுக்க வேணும், 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கி வரவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அந்தக் காசை உம்மாவிடம் கொடு. ஆடுகிற போட்டில் 600ஐக் கண்ணில் வைத்தால் வானம் தெரியும், பிறகு தண்ணீர் தெரியும், திமிங்கிலம் மட்டும் தெரியாது. உன்னிடம் இருக்கிற 100-400 போதும்.

நான் முதல் தடவை போன கதையைச் சொல்கிறேன், சிரிக்காதே. முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் படமெடுத்தவன் நான். நீலத் திமிங்கிலத்தின் முதுகு தெரிந்ததும் விடாமல் அமத்தினேன். பிறகு சரியாக விழுந்திருக்கிறதா என்று திரையைப் பார்க்கக் குனிந்தேன். போட்டில் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். நிமிர்ந்தால் எண்ணெய் ஊற்றினதுபோல மழமழவென்று ஒரு வட்டம் தண்ணீரில். வால் போய்விட்டது.

"காக்கா, மூச்சை எண்ணுங்க" என்றார் போட்காரர்.

ஓதப்போன காலத்தில் யூனுஸ் நபியை விழுங்கிய மீனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, எனக்கு அதன் வாய்தான் மனசில் இருந்தது. கடலில் முதலில் தெரிவது மூச்சுத்தான். நீலத் திமிங்கிலம் விட்டால் தென்னைமரம்போல நேரே எழும்பும். சில தரம் மூச்சுவிடும். ஒவ்வொரு தரமும் முதுகு இலேசாக வழுக்கிக்கொண்டு போகும். கடைசி மூச்சில் முதுகை உயர வளைக்கும். அப்போது கெமரா கண்ணில் இருக்கவேணும். காவின் எழுதும் நேரம் மாப்பிள்ளை பேனாவைத் தொடுமுன்னமே நாம் தயாராக நிற்பதில்லையா, அப்படித்தான். எல்லாம் வால் தூக்காது, தூக்கினால் இரண்டு மூன்று செக்கன்தான். தவறவிட்டால் கால்மணி நேரம்கூடக் காத்திருக்கவேண்டி வரும்.

விந்துத் திமிங்கிலம் வேறு மாதிரி. மரக்கட்டைபோலப் பத்து நிமிஷம் மிதந்துகொண்டு கிடக்கும். மூச்சு முன்னுக்கு இடப்பக்கமாய்ச் சரிந்து போகும். முங்கினால் முக்கால் மணி நேரமும் ஆகும், வீட்டில் சொல்லிவிட்டு வந்த சாப்பாட்டு நேரத்தை மறந்துவிடு.

1980களின் தொடக்கத்தில் ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளர் 'டியூலிப்' என்கிற சின்னப் பாய்க்கப்பலில் திருகோணமலைக் கடலில் இந்த விந்துத் திமிங்கிலங்களின் பின்னால் அலைந்தார். பிறகு யுத்தம் வந்து அந்தக் கடலுக்கே பூட்டுப் போட்டதுபோலாகிவிட்டது. விந்துத் திமிங்கிலங்களை ஆளாளாகப் பிரித்து அறிவது வாலின் ஓரத்து வெட்டுகளையும் பிய்ந்த இடங்களையும் வைத்துத்தான். என் ஸ்டூடியோவில் அடையாள அட்டைப் படத்துக்கு முகம் நேராக இருக்கவேணும் என்று பிள்ளைகளை அதட்டுவேனே, திமிங்கிலத்துக்கு அந்த முகம் வால். பின்னால் நின்று, வாலின் அடிப்பக்கம் முழுசாக விரிந்து தெரிய எடுத்தால் அதுதான் அடையாள அட்டை. பேஸ்புக்கில் போட முதுகுப் படம் போதும். எனக்கு அந்த வால் வேணும்.

அதற்காகத் துரத்தக்கூடாது. துரத்தினால் மூச்சை முடிக்காமலே அமிழ்ந்துவிடும். போட் பேசும்போது விலையைக் கேட்குமுன், தூரத்தில் எஞ்சினைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பாரா என்று கேள். 100 மீட்டருக்குள் நெருங்குவதாக ஆசை காட்டுகிறவரோடு நான் வரமாட்டேன்.

மற்றது சில்லறை. ஷட்டர் 1/1000 செக்கனுக்குக் குறையவேண்டாம். கையை விலாவோடு ஒட்டிப் பிடி, முழங்காலைத் தளர்த்தி நில். போட் விளிம்பில் கெமராவை ஊன்றாதே, எஞ்சின் அதிர்வு முழுக்கப் படத்தில் வரும். விடியவே போகவேணும், வெயில் ஏற ஏற அலையும் ஏறும். வெறும் வயிற்றில் ஏறாதே, பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டுமாவது.

கடலுக்குப் போவதை உம்மாவிடம் நீயாகச் சொல்லாதே. சுனாமிக்குப் பிறகு ராத்தா கடற்கரைப் பக்கமே போனதில்லை. நான் கதைத்துப் பார்க்கிறேன். லென்ஸில் உப்புத் துடைக்கப் பழைய சாரன் துண்டு இரண்டு துவைத்து வைத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்,
மாமா