தவளக்குப்பத்தில் 'அலை' அடிக்குமா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் ஏறினால், அரியாங்குப்பம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தவளக்குப்பம் ஜங்ஷன். மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு மொபைல் கடை. பத்துக்குப் பத்து இருந்தால் அதிகம். ரீசார்ஜ், பேக் கவர், டெம்பர்டு கிளாஸ், சர்வீஸ் எல்லாம் அதற்குள்ளேயே. கடைக்காரருக்கு வயது நாற்பதுக்கு மேல். ஊர்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் அவர் 'அண்ணன்'. சாயங்காலம் கடையில் உதவிக்கு நிற்பவன் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவன் 'தம்பி'. இந்தக் கதைக்கு இந்த இரண்டு பெயர் போதும்.

2025 தீபாவளிக்குச் சரியாக நாலு நாள் முன்னால், அக்டோபர் 16-ஆம் தேதி, ஆசஸ் கம்பெனியும் மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸும் சேர்ந்து ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டன. பெயர் 'ஆர்.ஓ.ஜி. எக்ஸ்பாக்ஸ் அலை'. (கடலோர ஊருக்குப் பெயர் மட்டும் பொருத்தமாகத்தான் இருக்கிறது!) சாதாரண மாடல் இந்தியாவில் 69,990 ரூபாய். அதற்கு மேலே 'அலை எக்ஸ்', 1,14,990 ரூபாய். அறிமுகமான அன்றைய விலை இது.

அண்ணன் கையில் அந்த வாரம் ஏலச் சீட்டு எடுத்த எண்பதாயிரம் இருந்தது. தம்பிக்கு அது தெரியும்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு வாங்கி ஷோகேஸ்ல வைங்கண்ணே. கடலூர் ரோட்டுலயே நம்ம கடையிலதான் இருக்குன்னு பேசுவாங்க."

"பேசுவானுங்க, சரி. வாங்குவானுங்களா?"

அந்த எண்பதாயிரத்தில் பெரும்பகுதி, மகளின் அடுத்த செமஸ்டர் கட்டணம். ஜனவரிக்குள் கட்ட வேண்டும். அதுவரை பணம் சும்மா இருக்கிறதே, அதைச் சுற்றில் விடலாமா என்பதுதான் தம்பியின் யோசனை. 'வொர்க்கிங் கேப்பிடல்' என்று வகுப்பில் படித்ததை முதன்முதலாக நிஜப் பணத்தில் போட்டுப் பார்க்கும் ஆசை வேறு.

முதலில், விலை ஏன் இவ்வளவு?

அமெரிக்காவில் இதே சாதாரண மாடல் வரி சேர்க்காமல் 599.99 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 53,000 ரூபாய். நம் ஊர் விலையான 69,990-க்குள் 18 சதவிகித ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் அடக்கம் 59,313 ரூபாய். வரி மட்டும் 10,676. ஆக, 'இந்தியாக்காரனை ஏமாத்துறான்' என்று மொத்தப் பழியையும் கம்பெனி மேல் போட முடியாது. வித்தியாசத்தில் பெரும்பங்கு வரிதான்.

ஒரு காலத்தில் வரி என்றால் பாண்டிச்சேரிக்குக் கொண்டாட்டம். இங்கே பல பொருட்களுக்கு வரி குறைவு என்பதால், கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் டி.வி., பிரிட்ஜ் வாங்க வருவார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. நாடு முழுக்க ஒரே வரி. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த அந்த லாபம் போயே போச்சு. பெட்ரோலும் மதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் அவற்றுக்கு மட்டும் இன்னும் வண்டி வருகிறது. கேம் மெஷினுக்கு யாரும் எல்லை தாண்டி வரப்போவதில்லை.

ஆனால் விலைக்கு வரியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பி.காம். முதல் வருடத்திலேயே வரும் பழைய உதாரணம்தான்: ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி. நிண்டெண்டோவும் சோனியும் வளர்ந்தது இப்படித்தான். மெஷினில் லாபம் குறைவாக இருக்கலாம், சில சமயம் நஷ்டம்கூட வரலாம். ஆனால் அதில் ஓடும் ஒவ்வொரு கேமிலும் கம்பெனிக்குப் பங்கு வந்துகொண்டே இருக்கும். 2022 பிப்ரவரியில் வால்வ் கம்பெனி 'ஸ்டீம் டெக்'கை 399 டாலருக்கே விற்க முடிந்ததும் இதனால்தான். கேம் விற்கும் ஸ்டீம் கடையே அவர்களுடையது. விற்பனையில் பொதுவாக 30 சதவிகிதம் அவர்களுக்கு. (அந்த ஸ்டீம் டெக் அப்போது இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வரவே இல்லை என்பது தனிச் சோகம்.)

அலையின் கதை வேறு. அது உள்ளுக்குள் ஒரு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர். வாங்கியவர் கேமை எக்ஸ்பாக்ஸ் கடையிலும் வாங்கலாம், ஸ்டீமிலும் வாங்கலாம். ஸ்டீமில் வாங்கினால் காசு வால்வுக்குப் போகும். மெஷின் செய்த ஆசஸுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதனால் ஆசஸ் சம்பாதிக்க வேண்டியது ரேசரிலேயே. பிளேடு விற்பவன் வேறு ஆள் என்றால், ரேசர் எப்படி மலிவாகக் கிடைக்கும்?

பழைய கணக்குகள்

இந்த வியாபாரத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஜெயிப்பது பெரும்பாலும் சக்தி குறைந்த மெஷின்.

1989-ல் நிண்டெண்டோவின் கேம் பாய். கறுப்பு வெள்ளைகூட இல்லை, ஒரு மாதிரி பச்சைத் திரை. அடுத்த வருடம் சேகாவின் கேம் கியர், பளபளவென்று கலரில் வந்தது. ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பல மடங்கு நேரம் ஓடும். பேட்டரி வாங்கித் தருவது அப்பா என்பதால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கேம் பாய், அதன் கலர் வாரிசையும் சேர்த்து, 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது. கேம் கியர் ஒரு கோடிச் சொச்சத்தோடு நின்றது.

2003-ல் நோக்கியாவின் என்-கேஜ். போனும் கேமும் ஒன்றாக, 299 டாலர். கேமை மாற்ற வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேச வேண்டுமென்றால் போனைக் காதருகே பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்க வேண்டும். ம்ஹூம், எடுபடவில்லை.

2011-ல் நிண்டெண்டோவே அடி வாங்கியது. 3டி.எஸ். 250 டாலருக்கு வந்து தடுமாறியது. அரை வருடத்துக்குள் 170 டாலராகக் குறைத்தார்கள். அதன் பிறகுதான் வண்டி ஓடியது. கடைசியில் 7 கோடியே 59 லட்சம். அதே வருடக் கடைசியில் வந்த சோனியின் வீட்டா அதைவிட அழகான மெஷின். ஆனால் அதற்கென்றே தனி மெமரி கார்டு, அதுவும் யானை விலை. சோனி பிறகு அந்தப் பக்கமே தொடர்ந்து போகவில்லை.

2025 ஜூன் 5-ல் வந்த ஸ்விட்ச் 2? செப்டம்பர் முடிவதற்குள் ஒரு கோடியே மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. வெளியானபோது அமெரிக்காவில் 449.99 டாலர். நிண்டெண்டோவின் கேம் வேறு மெஷினில் கிடைக்காது. வேண்டுமென்றால் இதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் வெளியீட்டுப் பட்டியலில் இந்தியா இல்லை. இங்கே இருப்பதெல்லாம் யாரோ கொண்டுவந்து விற்பது. கம்பெனி வாரன்டி இல்லாத சரக்கு.

அண்ணனின் அனுபவம்

அண்ணனுக்கு இந்த வியாபாரம் புதிதில்லை. இருபது வயதில் பாண்டி டவுனில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது சோனியின் பி.எஸ்.பி. அவர் கையில் புழங்கியிருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். மீதிப் பாதி, அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு இங்கே வாங்கியவர்கள். கடையில் நுழைந்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "கேம் ஏத்தித் தருவீங்களா?"

மெமரி ஸ்டிக்கில் திருட்டு கேமை ஏற்றிக்கொடுக்க நூறோ இருநூறோ. ஒரிஜினல் டிஸ்க் கேட்டு வந்தவர் ஒருவர்கூட அவர் நினைவில் இல்லை. பி.எஸ்.பி. உலகம் முழுக்க ஏழரைக் கோடிக்கும் மேல் விற்ற மெஷின். ஆனாலும் திருட்டு கேம் அதை அரித்தது. ரேசரை வாங்கியவன் பிளேடைத் திருடிக்கொண்டால் அந்தக் கணக்கு எப்படி நிற்கும்? சோனி சும்மா இருக்கவில்லை. 2009-ல் ஹைதராபாத்தின் கேம்சாஸ்த்ராவை வைத்து 'தேசி அட்டா' என்று கபடி, கிட்டிப்புள் எல்லாம் சேர்த்து நம் ஊர் விளையாட்டுகளையே கேமாகக் கொண்டுவந்தார்கள். கிட்டிப்புள்ளைத் தெருவிலேயே இலவசமாக ஆடலாமே என்று அண்ணன் அப்போதே சொன்னாராம். :-)

இப்போது தெரு இருந்த இடத்தில் போன் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா மலிவானது. பப்ஜியை 2020-ல் தடை செய்தார்கள், 2021-ல் பி.ஜி.எம்.ஐ. என்று வேறு பெயரில் வந்தது. 2022-ல் மறுபடி எடுத்தார்கள். 2023-ல் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் பையன்கள் அதே போனோடு காத்திருந்தார்கள். விளையாடக் காசு வேண்டாம் என்பதால்தான். அலையில் விளையாட மெஷின் வாங்கிய பிறகும் கேமுக்குக் காசு வேண்டும். மாதச் சந்தாவில் போகலாம் என்றால், அதே 2025 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸின் உயர்ந்த சந்தா அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக ஏறியது.

போனுக்கு இன்னொரு பலமும் உண்டு. அம்மாவிடம் "படிப்புக்கு" என்று சொல்லி வாங்கலாம்.

இங்கேதான் தம்பி தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "அண்ணே, இதுவும் கம்ப்யூட்டர்தாண்ணே. கீபோர்டு, மானிட்டர் மாட்டினா டேலி ஓடும்!"

உண்மைதான். ஏழு அங்குலத் திரையில் டேலி ஓடும். அண்ணன் ஐந்து நிமிடம் சிரித்தார். "எழுபதாயிரத்துக்கு டேலியா? அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டா ஸ்கூட்டர் வருமேடா. அதுல உங்கம்மாவையும் உட்கார வெச்சுட்டுப் போலாம்."

கடைக் கணக்கு

சிரிப்பு முடிந்ததும் இருவரும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள்.

ஒன்று, வாங்கி விற்பது. ஐந்து சதவிகிதம் லாபம் கிடைக்கும் என்றே வைத்துக்கொண்டால் சுமார் 3,500 ரூபாய். கடையில் டெம்பர்டு கிளாஸ் முப்பது ரூபாய்க்கு வாங்கி, ஒட்டிக்கொடுத்து நூற்றைம்பது வாங்குகிறார்கள். முப்பது கிளாஸ் ஒட்டினால் 3,600. அதற்குத் தேவையான முதல் 900 ரூபாய். அதில் ஒரு கிளாஸ் உடைந்தாலும் போவது முப்பது ரூபாய். இதைவிட மோசம், ஷோகேஸில் பார்த்துத் தடவிவிட்டு வீட்டுக்குப் போய் ஆன்லைனில் ஆர்டர் போடுவார்கள். அவர்களுக்கு இலவச ஷோரூம் நடத்திய புண்ணியம்தான் மிஞ்சும்.

இரண்டு, வாடகைக்கு விடுவது. மணிக்கு ஐம்பது ரூபாய். போட்ட காசு மட்டும் திரும்பவே 1,400 மணி நேரம். தினம் மூன்று மணி ஓடினால் 467 நாள். அதுவரை பட்டனும் பேட்டரியும் தாங்க வேண்டும். யாரும் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருக்கச் சங்கிலி போட்டு மேசையில் கட்ட வேண்டும். கட்டிப்போட்டால் அது என்ன கையடக்கம்?

மூன்று, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வரவழைத்துத் தருவது. கடைக்கு ரிஸ்க் இல்லை. தம்பி காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டான். "மாஸ்", "வேற லெவல்", நெருப்புப் படம் என்று நாற்பது பதில். பத்தாயிரம் அட்வான்ஸ் என்றதும் குரூப் அமைதி.

பெங்களூர், சென்னை மாதிரி ஊர்களில், ஏற்கெனவே ஸ்டீமில் கேம் வாங்கிக் குவித்து வைத்திருக்கும் சம்பளக்காரர்களுக்கு இந்த மெஷின் அர்த்தமுள்ள பொருள். வாங்கிய கேமெல்லாம் அப்படியே கைக்கு வந்துவிடும். அந்தக் கூட்டம் இருக்கிறது, வளரவும் செய்யும். ஆனால் தவளக்குப்பம் ஜங்ஷனில் இது ஓட வேண்டுமென்றால், கேமில் சம்பாதிக்கும் ஒருவர் மெஷினை மலிவாகக் கொடுக்க வேண்டும். கேமையும் நம் பையன்கள் காசு கொடுத்து வாங்கக்கூடிய விலையில் வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காதவரை, மெஷின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போன் கடைக்காரர் அதில் கை வைக்க மாட்டார்.

அண்ணனும் வைக்கவில்லை. சீட்டுப் பணத்தில் பதினைந்தாயிரத்துக்குத் தீபாவளிச் சரக்கு எடுத்தார்: கவர், சார்ஜர், இயர்போன், கேம் ஆடும்போது விரலில் மாட்டும் உறை. மீதி பேங்குக்குப் போனது. ஜனவரியில் மகளின் கட்டணம் நாள் தவறாமல் கட்டப்பட்டது.

தம்பிக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டபோது 'சிறு கடைகளில் சரக்குச் சுழற்சி' என்று எழுதிக் கொடுத்தான். பில் புத்தகத்தின் அந்தப் பின்பக்கத்தைக் கிழித்துப் பத்திரமாக வைத்திருக்கிறான்.

குரூப்பில் முதலில் "மாஸ்" போட்டவன் மறுவாரம் கடைக்கு வந்தான். பி.ஜி.எம்.ஐ. ஆடி ஆடித் திரையில் கீறல். டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டு நூற்றைம்பது கொடுத்துவிட்டுப் போனான்.