ராத்தா இரண்டாம் தடவை கேட்டபோது



உங்கள் வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய மகனோ மகளோ இருந்தால், இன்றில்லாவிட்டால் நாளை அந்தப் பேச்சு வந்தே தீரும். "உம்மா, எனக்கொரு பைக் எடுத்துத் தாங்களேன்!" வாப்பா வெளிநாட்டில் இருப்பார். சீட்டுக் காசு உங்கள் கையில் இருக்கும். தீர்மானமும் உங்கள் தலையில்தான் வந்து விழும். ஆகவே, இது ஆண்களின் விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் சற்று வாசியுங்கள். ஓர் ஆண் சொன்ன யோசனையால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன். அந்த ஆண் நான்தான்.

2016ஆம் ஆண்டு. அக்குறணையில் இருக்கும் என் ராத்தா வீட்டுக்கு வந்தார். மச்சான் அப்போது சவூதியில். மூத்த மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான்.

"தம்பி, இவன் 150 சீ.சீ. பைக்தான் வேணும் என்று ஒற்றைக் காலில் நிக்கிறான். நீ படிச்ச ஆள். என்ன செய்யலாம், சொல்லு" என்றார்.

"பிள்ளையின் ஆசைதானே ராத்தா, எடுத்துக் கொடுங்க. அல்லாஹ் பாதுகாப்பான்" என்றேன்.

அவ்வளவுதான். அவன் கால் நிலத்தில் எட்டுகிறதா, அந்தப் பாரத்தைத் தாங்குவானா என்று ஒரு கேள்வி கூட நான் கேட்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுப்பவன், அன்று கயிற்றைத் தேடக்கூட இல்லை.

மூன்றாவது வாரம். மழை தூறிய ஒரு மாலை. ஏ9 வீதியின் ஓர் இறக்க வளைவில் முன்னால் போன வாகனம் திடீரென நின்றது. இவன் பயத்தில் முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துவிட்டான். சில்லு வழுக்கி, ஏறத்தாழ 145 கிலோ இரும்பு அவனது வலது காலின் மேல் விழுந்தது. தலையை ஹெல்மட் காப்பாற்றியது, அல்ஹம்துலில்லாஹ். காலுக்குள் கம்பி வைத்தார்கள். இன்றும் சற்று இழுத்துத்தான் நடக்கிறான்.

ராத்தா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

கடந்த ஆண்டு அவரது இளைய மகளுக்கு முன்பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. ஆறு கிலோமீற்றர் தூரம். நேரத்துக்கு பஸ் இல்லை. ராத்தா மறுபடியும் வந்து அதே கதிரையில் உட்கார்ந்தார். "தம்பி, இவளுக்கு என்ன எடுக்கலாம்?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "எனக்குத் தெரியாது ராத்தா. மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்போம்" என்றேன். இனி நான் எழுதுவதெல்லாம் அந்த மருமகன் எனக்குப் படித்துத் தந்தவை.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியிருந்தாலும், புதியவற்றின் விலை எங்களுக்கு எட்டவில்லை. பாவித்த ஸ்கூட்டர் ஒன்றைத் தேடி கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். நான் எத்தனை சீ.சீ. என்று கேட்க வாயெடுத்தேன். மருமகன் தடுத்தான். "எஞ்சின் பிறகு மாமா. முதல்ல காலைப் பாருங்க."

தங்கையை ஏறி உட்காரச் சொன்னான். இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் நிலத்தில் உறுதியாகப் பதிய வேண்டும். ஓடும்போது வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். நிறுத்தும்போதுதான் அதன் பாரத்தைக் கால் தாங்க வேண்டும். பெருவிரல் நுனியில் நிற்பவர் ஒரு சிறு பள்ளத்திலும் சரிந்துவிடுவார்.

பிறகு, எஞ்சினை இயக்காமல் வாசல் மேட்டில் பின்பக்கமாகத் தள்ளச் சொன்னான். முதலாவது வண்டியை அவளால் அசைக்க முடியவில்லை. "இது வேணாம்" என்று அந்த இடத்திலேயே முடித்துவிட்டான். சிறிய ஸ்கூட்டர்கள் 100 கிலோவை ஒட்டியவை. 150 சீ.சீ. வண்டிகள் பெரும்பாலும் 140 கிலோவுக்கு மேல். கையால் தள்ள முடியாததைக் காலால் தாங்க முடியுமா?

மூன்றாவது, பிரேக். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குடையது. ஆனால் ஈரத்திலும் வளைவிலும் அதைத் திடீரென இறுக்கினால் சில்லு பூட்டிக்கொள்ளும். அவனுக்கு நடந்தது அதுதான். ஒரு பிடியில் இரு சில்லுகளுக்கும் பிரேக் பகிரப்படும் வண்டி புதியவருக்கு நல்லது. சில்லு பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருந்தால் இன்னும் நல்லது. இன்னொன்று: கியர் இல்லாத ஸ்கூட்டர் பழகுவதற்கு இலகு. எனினும் எங்களைப் போன்ற மலைப் பிரதேசத்தில், கியர் வண்டியைப் போல எஞ்சின் பிடித்து நிறுத்தித் தராது. நீண்ட இறக்கங்களில் தொடக்கத்திலிருந்தே மெதுவாக இறங்க வேண்டும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

எஞ்சின் விடயம் கடைசியில் வந்தது. தொடக்கத்துக்கு 125 சீ.சீ.க்கு மேல் அவசியமே இல்லை. நம் நாட்டில் 100 சீ.சீ. வரையுள்ளவை இலகு வகுப்பு. அந்த அனுமதிப்பத்திரத்தை மாத்திரம் பெற்றவர் 110 சீ.சீ. ஸ்கூட்டரை ஓட்டுவது சட்டப்படி பிழை. எடுக்கப்போகும் வண்டிக்கு ஏற்ற வகுப்புக்கே விண்ணப்பியுங்கள்.

பாவித்த வண்டியென்றால் டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயாமல் பளபளத்தாலும் பழைய றப்பர் இறுகிப்போய் ஈரத்தில் பிடிக்காது. எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்திருக்க வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போக வெட்கப்படாதீர்கள்.

சகோதரிகளுக்கென்றே ஒரு விடயம். ஹெல்மட் வாங்கும்போது, அன்றாடம் கட்டும் ஹிஜாபுடனேயே போட்டுப் பாருங்கள். தலையை அசைத்தால் அது ஆடக்கூடாது. உள்ளே ஊசி வேண்டாம். நாடியில் வாரைப் பூட்டாத ஹெல்மட் விழும் முன்னரே கழன்றுவிடும். ஹபாயாவின் ஓரமும் ஷோலின் நுனியும் சில்லில் சிக்கிய விபத்துகள் அநேகம். உள்ளே காற்சட்டை அணிந்து, தொங்குவதையெல்லாம் சுருட்டிச் செருகிய பிறகே ஏற வேண்டும். பின்னால் உட்காரும் உம்மாவுக்கும் இதே சட்டந்தான்.

மூன்றாவது வீட்டில் பொருத்தமான ஒன்று அமைந்தது. பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் எல் பலகை மாட்டி, அதிகாலையில் பாடசாலை மைதானத்தில் நானா பக்கத்தில் நின்று பழக்கினான். நிறுத்துவது முதலில், ஓடுவது பிறகு. மழையில்லை, இரவில்லை, பின்னால் ஆளில்லை.

பரீட்சையில் சித்தியடைந்து, அவள் முதன்முதலாகத் தனியே வேலைக்குப் புறப்பட்ட காலையில் நானும் அங்கிருந்தேன். ராத்தா வாசற்படியில் நின்று, ஸ்கூட்டர் சந்தியில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகன் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே ராத்தா சொன்னார்:

"அண்டைக்கும் நாம இப்படிப் போய்ப் பார்த்திருக்கலாம், தம்பி."

ஒன்பது ஆண்டுகளில் அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

சகோதரிகளே, பிள்ளைக்கு முதல் வண்டி எடுக்கும்போது என்னைப் போன்றவர்களிடம் யோசனை கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நீங்களும் கூடவே போங்கள். ஏறி உட்காரச் சொல்லுங்கள், தள்ளச் சொல்லுங்கள், காலைப் பாருங்கள். துஆவையும் கேளுங்கள். வல்ல நாயன் நம் பிள்ளைகள் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக.