அரை மணித்தியாலம் பின்னுக்கு

1996ஆம் ஆண்டு மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. புலிகளின் கையில் இருந்த வன்னி அதை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தது. கொழும்பில் ஏழு மணியென்றால் கிளிநொச்சியில் ஆறரை. ஏ9 தெருவால் வடக்கே போகிறவர்கள் ஓமந்தை தாண்டியதும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். இராணுவப் பகுதி தொடங்கிய முகமாலையில் திரும்பவும் முன்னுக்கு. இன்றைக்கு அதே தெருவால் போகும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் யாழ்ப்பாணம் வரைக்கும் பாதை திறந்தது. மறு வருடம் ஆடி மாதம், என் பள்ளிக்கூடத்து நண்பன் தன் மாமாவின் பழைய டொல்பின் வானைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து நின்றான். "வா மச்சான், வீட்டைப் பாத்திட்டு வருவம்." 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தபோது அவனும் தாய் தகப்பனோடு நடந்தவன். பிறகு கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து வன்னி, அங்கிருந்து வவுனியா, கடைசியில் கொழும்பு. திரும்பிப் போகவே இல்லை.

குருநாகல், தம்புள்ளை எல்லாம் வெறும் தெரு. வவுனியாவுக்குப் பிறகுதான் பயணம் தொடங்கியது. ஓமந்தையில் இராணுவம் வானை வெறுமையாக்கிச் சோதித்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தோம். இடையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம். அதற்கப்பால் புலிகள். புளியங்குளத்தில் அவர்களுடைய வரித்துறை, துண்டு, முத்திரை. ஒரே நாளில் இரண்டு அரசாங்கத்துக்கு எங்கள் பெயரையும் தகப்பன்மார் பெயரையும் சொல்லி முடித்தோம். நண்பன் வானை மெதுவாகவே விட்டான். வேகமாக ஓடினால் தமிழீழக் காவல்துறை தண்டம் எழுதும். அவர்களிடம் கதை வளர்த்துத் தப்ப முடியாது என்று சாரதிமார் எல்லோரும் எச்சரித்திருந்தார்கள்.

அந்த மெதுவுக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். இரண்டு கரையிலும் பாலை, முதிரை. தெருவோரம் சிறுபிள்ளைகள் பாலைப்பழம் விற்றார்கள். தின்னத் தின்ன அதன் பால் சொண்டில் ஒட்டிக்கொள்ளும். வாய் ஒட்டிய நிலையிலேயே அவன் பேசிக்கொண்டு வந்தான்: இந்த ஒழுங்கைக்குள்ளேதான் எங்கட கொட்டில், இந்தக் குளத்திலேதான் குளிச்சம். தெருவுக்குப் பக்கத்தில் ரயில் பாதையின் மண்மேடு மட்டும் தொடர்ந்து வந்தது. 1990இல் யாழ்தேவி நின்றபிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. மேட்டில் மரங்கள் ஆளுயரம் தாண்டி வளர்ந்திருந்தன.

முறிகண்டியில் நிறுத்தாமல் எந்த வாகனமும் போகாது. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். கொழும்பிலிருந்து போகிறவர், லண்டனிலிருந்து வந்தவர், விறகு லொறிக்காரர், எல்லோரும் அந்தச் சின்னக் கோவில் வாசலில் ஒன்றாக நின்றார்கள். முன்பின் தெரியாத ஒருவர் நண்பனின் ஊரைக் கேட்டு, தகப்பனின் பெயரைக் கேட்டு, "அவற்ற பெடியனோ?" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடங்களில் அந்தத் தெரு முழுக்க இப்படித்தான் ஆட்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீரேரி. 2000 ஏப்ரலில் விழுந்த படைமுகாமின் இடிபாடுகள், துருப்பிடித்த இரும்பு, சிவப்பு மிதிவெடிப் பலகைகள். சிறுநீர் கழிக்கக்கூடத் தெருவை விட்டு இறங்க முடியாது. பளைக்குப் பக்கத்தில் ஷெல்லில் தலை போன பனைகள் ஏக்கர் கணக்கில் நின்றன. சாவகச்சேரியில் கூரையோடு இருந்த கட்டடங்கள் குறைவு.

நாவற்குழிப் பாலத்தை வான் ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டது. அவன் கரையில் நிறுத்தினான். "அண்டைக்கு இதைக் கடக்க ஒரு முழு இரவு போச்சு" என்றான். மழை, இருட்டு, நகர முடியாத சனம், சைக்கிள் கரியரில் அப்பம்மா. இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொக்குவிலில் வீடு இருந்தது, ஓடில்லாமல். கிணற்றில் தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருந்தது. அள்ளிக் குடித்தோம்.

2006 ஏப்ரலில், புதுவருடத்தோடு, அரசு பழைய நேரத்துக்குத் திரும்பியது. பத்து வருடத்துக்குப் பிறகு கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் ஒரே நேரம். நாலு மாதம்கூடப் போகவில்லை. ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. முறிகண்டியில் நண்பனின் தோளைப் பிடித்த அந்த மனிதர் போர் முடிந்த 2009ஐத் தாண்டினாரா என்று விசாரிக்க எங்களுக்கு வழியில்லை. அவர் பெயரை நாங்கள் கேட்டிருக்கவில்லை.

இப்போது தெரு காப்பெற். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவியும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. நல்லதுதான்; அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் எங்கே வரிசையில் நின்றோம், எங்கே மணிக்கூட்டைத் திருப்பினோம் என்று காட்ட அந்தத் தெருவில் ஒரு கல்லுக்கூட இல்லை. நண்பன் இன்று கனடாவில் லொறி ஓட்டுகிறான். தான் போன வழியெல்லாம் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதை திறந்திருந்த அந்த நாலு வருடத்தில் ஏ9ஆல் போய்வந்த நீங்களும் எழுதுங்கள். எந்த மாதம், எந்த வாகனம், வழியில் யார் உங்களிடம் ஊரும் பெயரும் கேட்டார்கள் என்பதையாவது எழுதிவையுங்கள்.