நெடுந்தீவுக்கு ஒரு நாட் பயணம்

யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் மிகத் தொலைவிலுள்ளது நெடுந்தீவு. எனினும், காலையிற் சென்று மாலையில் மீளலாம்.

பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தோம். அங்கிருந்து நயினாதீவு அண்மையிலேயே உளது. நாகபூஷணி அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் வேறொரு நாளில் நின்று தரிசிப்பதே நன்று. நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம்.

கரையிறங்கியதும் கண்ணைக் கவர்வன வேலிகளே. சாந்து பூசாது முருகைக்கற்களை அடுக்கியே அவற்றை எழுப்பியுள்ளனர். தீவெங்கும் அக்கல் மலிந்திருப்பதே காரணம். வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் மேய்கின்றன. இவை ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திற் கொணரப்பட்டவற்றின் வழிவந்தவை என்பர். கோடையில் நீரின்றி அவை படும் பாடு இரங்கத்தக்கது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் இத்தீவை 'டெல்ஃப்ற்' என அழைத்தனர். சிதைந்த கோட்டையையும், புறாக்கூட்டையும், உள்ளே ஆள் நுழையத்தக்க பொந்துடைய பெருக்குமரத்தையும் மாணவர்கள் அவசியம் காணவேண்டும். அம்மரத்தின் தாயகம் ஆபிரிக்கா.

திரும்பும் படகுக்காக மாவிலித்துறைக்கு வந்தபோது, குமுதினிப் படகில் மாண்டோரின் நினைவிடத்தின் முன் நின்றோம். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், இதே கடலில், அப்படகிற் சென்ற முப்பதுக்கும் மேற்பட்டோர் கொலையுண்டனர். அவர்களுட் குழந்தைகளும் இருந்தனர்.

நமக்கு இது உல்லாசப் பயணம். தீவாருக்கோ பட்டினத்துப் பெரிய வைத்தியசாலைக்கும் கந்தோருக்கும் சந்தைக்கும் செல்லும் வழி இக்கடலே. ஆகவே, படகிற் கூட்டம் மிகுந்தால், முதலில் அவர்களுக்கு இடம் விட்டு நாம் பின்னே ஏறுவோமாக.