கேட்பவனுக்கும் அறம் உண்டு

சென்ற ஆண்டு நம் சங்கக் கட்டட நிதிக்காக ரசீதுப் புத்தகமும் கையுமாகப் புனே நகரின் தெருக்களில் அலைந்தவர்களுள் நானும் ஒருவன். கிடங்கு ஒன்றில் காவல் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவர் நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். நானோ, "அடுத்த வீட்டார் ஐந்நூறு கொடுத்திருக்கிறார்களே! ஆண்டு மலரில் தொகையும் அச்சாகுமே!" என்று அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி கூறினேன். அவர் முகம் வாடிற்று. உள்ளே சென்று மேலும் நானூறு ரூபாய் கொணர்ந்தார்.

எங்கள் பார்சல் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் உளர். கொங்கணக் கரையைப் பூர்விகமாகக் கொண்ட பெனே இஸ்ரேல் யூத மரபினர் அவர். வீட்டில் பேசுவது மராத்தி. என் சாமர்த்தியத்தைப் பெருமையுடன் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தம் சமயத்தின் விதியை எடுத்துரைத்தார்.

யூதர் ஈகையைச் 'செதாக்கா' என்பர். நீதியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. எனவே, கொடுத்தல் அவர்களுக்குக் கருணை மட்டுமன்று; கடனும் ஆகும். வருவாயில் பத்தில் ஒரு பங்கு நடுத்தர அளவு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்செல்லுதல் வேண்டா. ஊர்ப் பொதுநிதியை இருவராகச் சென்று திரட்டவேண்டும். மூவர் கூடிப் பகிர்ந்தளிக்கவேண்டும். வசதியிருந்தும் கொடாதவனை ஊர் மன்றம் வற்புறுத்தலாம். பிறர் ஈகையால் வாழும் ஏழையும் இயன்றதைக் கொடுத்தாக வேண்டும்.

இத்தனை கண்டிப்பான சட்டம் தண்டுபவனையும் விட்டுவைக்கவில்லை. சக்திக்கு மீறிக் கொடுப்பவனிடமும், மானத்துக்கு அஞ்சிக் கொடுப்பவனிடமும் கேட்பது கூடாது என்றும், அவனை நாணச் செய்து வாங்குபவன் தண்டனைக்குரியவன் என்றும் 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அறிஞர் மைமோனிடீஸ் வகுத்துள்ளார். ஈகைக்கு எட்டுப் படிகளும் அவர் அமைத்தார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது உயர்ந்த படிகளுள் ஒன்று. கடனோ வேலையோ தந்து ஒருவன் பிறர் கையை எதிர்பாராது வாழச் செய்வதே யாவற்றினும் உயர்ந்தது.

நான் விடவில்லை. "நம் ரயில் நிலையத்துக்கு அருகில், பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகர் டேவிட் சசூனின் கொடையால் 1867இல் எழுந்த மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கித்தானே நிற்கிறது?" என்றேன். பெயர் தாங்கிய கொடை தீதன்று, அப்பெயரைக் காட்டி இல்லாதவனை நாணச் செய்வதே தீது என்றார் முதியவர்.

மறுநாளே நானூறு ரூபாயுடன் காவலர் வீட்டுக்குச் சென்றேன். அது மளிகைக் கடைப் பாக்கிக்கு வைத்திருந்த பணம் என்பதை அங்கேதான் அறிந்தேன். ஆயினும் அவர் வாங்க மறுத்துவிட்டார். "தம்பி, கொடுத்ததைத் திருப்பித் தந்து மறுபடியும் என்னை வெட்கப்படுத்தாதீர்கள். அடுத்த முறை என் தகுதிக்கேற்பக் கேளுங்கள், ஏழையென்று கேட்காமலும் போய்விடாதீர்கள்" என்றார்.

அன்பர்களே, இவ்வாண்டும் நிதி திரட்டப் போகிறோம். மலரில் பெயர்கள் இருக்கட்டும், தொகைகள் வேண்டா. மன்றத்தில் பூட்டிய உண்டியல் ஒன்றை வைப்போம். எல்லாரையும் கேட்போம், எவரையும் தலைகுனியச் செய்யாது கேட்போம்.