காற்று கொண்டுவந்து போட்ட கரை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

கல்விச் சுற்றுலா என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கண்டியும் நுவரெலியாவும்தான். இம்முறை பஸ் கூலியை விசாரித்தோம். தலைக்கு வரும் தொகையைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. வாப்பாமாரில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் உப்பளத்திலும் தோட்டங்களிலும் நாட்கூலி. கடைசியில் கற்பிட்டி என்று முடிவானது. தரம் 9 பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "சேர், அது நாங்க எந்த நாளும் பார்க்கிற இடம்தானே" என்றான் ஒருவன். பிரமிட் எந்த நாட்டில் என்று கேட்டால் உடனே கை தூக்குகிற பிள்ளைகள் இவர்கள்.

அதனால் பஸ்ஸில் ஏறியதும் இப்னு பதூதாவை எடுத்தோம். மொரோக்கோவின் தஞ்சாவில் பிறந்து ஆபிரிக்காவையும் ஆசியாவையும் அளந்த மனிதர் 1344இல் எங்கள் கரையில் இறங்கியிருக்கிறார். அதுவும் வரவேண்டும் என்று வந்தவரல்ல. மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டவரின் கப்பலைக் காற்று திசை திருப்பிவிட்டது. மூன்று நாள் பயணம் ஒன்பது நாளாகி, புகைத்தூண் போல வானில் நின்ற பாவாதமலையைத்தான் முதலில் கண்டார்கள். இந்தக் கரை ஆபத்தானது, இறங்கவேண்டாம் என்று மாலுமிகள் பயந்தார்களாம். இறங்கினார். அவர் 'பத்தாலா' என்று எழுதிய ஊர் புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் உள்ள அழகான சிறிய ஊர் என்கிறார். வெள்ளம் அடித்து வந்த கறுவாக் கட்டைகள் கரையெல்லாம் குவிந்து கிடந்தனவாம். ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களைக் காட்டினார். இவர் கேட்டதோ ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வழி மட்டும். மன்னர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார்.

"அந்த மதில் எங்க சேர் இப்ப?"

மரமல்லவா மகன், என்ன மிஞ்சும்.

பாலாவியில் திரும்பினோம். வலப்பக்கம் களப்பு, கொஞ்சம் போனால் நுரைச்சோலைப் புகைபோக்கி, காற்றாலைகள், வீதியை மறித்து நிற்கும் கழுதைகள். எல்லாம் பார்த்ததுதான். ஆனால் இம்முறை பிள்ளைகள் யன்னல் பக்கம் நெருக்கியடித்தார்கள்.

கற்பிட்டிக் கோட்டை கடற்படை முகாமுக்குள் இருப்பதால் அனுமதி பெற்றுத்தான் உள்ளே போகலாம். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்தது. கண்டி இராச்சியத்துக்குச் சரக்கு போகும் வாயில் இந்தக் களப்பு. வாயிலில் ஆள் வைத்தால் உள்நாட்டு அரசனையே நெருக்கலாம் என்ற கணக்கு. முருகைக் கல் சுவரைத் தடவிப் பார்த்த ஒரு பிள்ளை, "இது எங்கட கடல்ல இருக்கிற கல்லுதானே" என்றாள். அதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாப்பிட்டபின் கரையில் உட்கார்ந்து குதிரைமலையைப் பற்றிப் பேசினோம். முன்பொருமுறை ஆசிரியர்கள் சிலர் எலுவன்குளம் வழியாக வில்பத்துக் காட்டுக்குள் ஜீப்பில் போயிருந்தோம். சிவந்த மண் மேடு, கீழே கடல். அதைவிட எங்களை நிறுத்தியது வழியிலுள்ள பொம்பரிப்பு. ஆதிச்சநல்லூரைப் போலவே அங்கும் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். வளைகுடாவின் இரு கரையிலும் ஒரே வழக்கம்! குளோடியஸ் பேரரசர் காலத்தில் உரோம வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் அரேபியக் கரையோரம் போகையில் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் 'ஹிப்புரோஸ்' என்ற துறையில் ஒதுங்கியதாக பிளினி எழுதியிருக்கிறார். பெயரிலேயே குதிரை இருப்பதால் அது குதிரைமலை என்று பலர் கருதுகிறார்கள். அவரையும் காற்றுதான் கொண்டுவந்து போட்டது.

கொப்பியில் ஓர் அட்டவணை போடச் சொன்னோம்: யார், எப்போது, எங்கிருந்து, எப்படி வந்தார்கள். உரோமர், இப்னு பதூதா, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர்.

ஒரு பிள்ளை எழுதாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டோம். "சேர், எங்கட உம்மும்மாவும் இந்தக் கரையிலதான் இறங்கினவங்க. எழுதலாமா?"

நாங்கள் மூன்று ஆசிரியர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 1990 ஒக்டோபர் கடைசி. வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய அந்த நாட்களில் மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் வந்து சேர்ந்த கரை இது. கையில் உடுதுணி, இடுப்பில் பிள்ளை, அவ்வளவுதான். எங்களில் ஒருவரும் அப்படி வந்த குழந்தைதான். இத்தனை வருடம் வரலாறு படிப்பித்தும் அதை வகுப்பில் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதுங்க மகள்."

'உம்மும்மா, 1990, மன்னார், வள்ளம்' என்று எழுதினாள். ஒல்லாந்தருக்குக் கீழே. பிறகு அவளைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர் எழுதினார்கள். ஒருத்தி, வந்தவர்களுக்குத் தன் வாப்பும்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததாக ஓரத்தில் குறித்தாள். 'எப்படி வந்தார்கள்' என்ற கூட்டுக்குள் ஒருவன் வள்ளம் ஒன்றை வரைந்து வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் சரி போட்டோம்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த தவணையில் இவர்களைக் குதிரைமலைக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறோம். பஸ் உள்ளே போகாது, நாலைந்து ஜீப் வேண்டும். எலுவன்குளம் பக்கம் ஜீப் வைத்திருக்கும் சகோதரர்கள் யாராவது கூலியைக் கொஞ்சம் பார்த்துச் செய்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.