பிள்ளை எழுதிய பிழை

மேற்கு வங்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக வேண்டுமானால் பட்டம் வேண்டும், பி.எட். வேண்டும், அதற்குமேல் ஸ்கூல் சர்வீஸ் கமிஷன் தேர்விலும் தேற வேண்டும். 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் இருபது வாரங்கள் பள்ளிகளில் பயிற்சி. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணான என்னை ஆசிரியை ஆக்கியவை அந்த இருபது வாரங்கள்தான்.

தெற்குக் கொல்கத்தாவில் ஒரு வங்கவழிப் பள்ளி, ஏழாம் வகுப்பு. அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். நோட்டுகளைப் பிரித்தால், பல பிள்ளைகள் அம்மாவை 'ஹி' என்றே எழுதியிருந்தார்கள். நன்றாகப் படிக்கும் பெண்ணின் நோட்டிலும் அதே 'ஹி'. இது கவனக்குறைவில் வந்ததல்ல. வங்காள மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'ஷே' என்ற ஒரே சொல்தான். வினைச்சொல்லிலும் பால் வேறுபாடு கிடையாது. அவன், அவள் என்று பேசியே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் அவ்வளவு எளிதில் வராது. சிவப்பு மையால் சுழித்துவிட்டால் பிள்ளைக்குத் தான் தப்பு செய்தது தெரியும். ஏன் தப்பு என்பது தெரியாது.

மறுநாள் குடும்பப் படங்களைப் பலகையில் ஒட்டி, ஒவ்வொருவரைப் பற்றியும் வாயால் சொல்ல வைத்தேன். தாத்தா, அத்தை, தம்பி என்று மாறி மாறி வந்தபோது, வாயைத் திறக்குமுன் 'ஹி'யா, 'ஷி'யா என்று ஒரு கணம் நின்று யோசிக்கப் பிள்ளைகள் பழகினார்கள். எழுத்து அதற்குப் பிறகுதான்.

கொல்கத்தாவுக்கு ஆங்கிலக் கல்வி புதிதல்ல. இந்து கல்லூரி தொடங்கியது 1817இல். அதற்காக உழைத்த கடிகாரக்காரர் டேவிட் ஹேரின் பெயரில் பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியே இருக்கிறது. அது 1908இல் தோன்றியது. ஆனால் 1980களில் இடதுசாரி அரசு தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டது. முதல் வகுப்புக்கு அது திரும்பி வந்தது 2004இல்தான். என் மாணவர்களின் தாய்மார் பலர் ஆறாம் வகுப்பில்தான் முதன்முதலாக ஆங்கில எழுத்தைப் பார்த்தவர்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கிடைக்கும் ஒரே இடம் வகுப்பறை.

அந்த வகுப்பறைக்கு ஆசிரியரை அனுப்புவது ஸ்கூல் சர்வீஸ் கமிஷன்தான். அதன் 2016ஆம் ஆண்டுத் தேர்வின் வழியாக நியமிக்கப்பட்ட சுமார் 25,000 ஆசிரியர்கள், ஊழியர்களின் பணிகளை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்வில் நடந்த முறைகேட்டுக்கு, நேர்மையாக எழுதித் தேறியவர்களும் விலை கொடுத்தார்கள். பாடம் நடத்த ஆளில்லாமல் பிள்ளைகளும் கொடுத்தார்கள். தேர்வு நேர்மையாக நடந்தே தீர வேண்டும். ஆனால் அதோடு கடமை முடிந்துவிடாது. பிள்ளையின் தாய்மொழி எங்கே ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்பதற்கு பி.எட். பாடத்தில் இன்னும் அதிக இடம் தர வேண்டும். மதிப்பெண் போடுமுன், இந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதியது என்று கேட்கத் தெரிந்தவரிடம்தான் ஆங்கில வகுப்பை நம்பி ஒப்படைக்கலாம்.